நடைபாதையின் விலை

1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓல்கா டெல்லிஸ் வழக்கின் ஆவணத்தில் ஒரு தமிழர் வருகிறார். சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய், 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவருக்கு நாள் கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக்கையும் கித்தானையும் போர்த்திய கூடாரத்தில் மனைவி, பிள்ளைகளோடு குடித்தனம். அந்த இடத்துக்காக உள்ளூர் தாதா ஒருவன் அவரிடம் கறந்த தொகை 2,500 ரூபாய். 1981 ஜூலை மழையில் மாநகராட்சி கூடாரத்தைப் பிரித்துப் போட்டு, குடும்பத்தைச் சேலம் பேருந்தில் ஏற்றி அனுப்பியது. அவர் பம்பாய்க்கே திரும்பினார், மீண்டும் நடைபாதைக்கு.

2,500ஐ 23ஆல் வகுத்துப் பார்த்தால் நூறு நாள் கூலிக்கு மேல் வருகிறது. நடைபாதை இலவசம், அங்கே படுப்பவர் வேலைவெட்டி இல்லாதவர், ஊருக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீரும் என்று நாம் வழக்கமாக நம்பும் மூன்றையும் இந்த ஒரு மனிதரின் கணக்கு தள்ளுபடி செய்துவிடுகிறது. வேலைக்குப் பக்கத்தில் இருப்பதற்காகவே இவர்கள் நடைபாதையைத் தேர்கிறார்கள், அங்கிருந்து விரட்டுவது பிழைப்பைப் பறிப்பது, பிழைப்பைப் பறிப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, மழைக்காலம் முடியும்வரை பொறுத்திருந்து முறைப்படி அகற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது. நோயைச் சரியாகக் கண்டறிந்துவிட்டு வேறு மருந்து எழுதிக்கொடுக்கும் இந்தப் பழக்கம் நாற்பது ஆண்டுகளாகத் தொடர்கிறது. சென்னையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

வீடின்மைக்குக் காரணம் கேட்டால் முதலில் வரும் பதில், வெளியூரிலிருந்து வந்து குவிகிறார்கள் என்பது. சேலத்துக்காரர் விஷயத்தில் அது உண்மை. ஆனால் பாரிமுனையையும் வால்டாக்ஸ் சாலையையும் சுற்றி நடைபாதையில் இருக்கும் குடும்பங்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், பலர் அந்தத் தெருவின் பெயரையே சொல்வார்கள். பாட்டி காலத்திலிருந்து அங்கேதான். பிரசவம், திருமணம், சாவு எல்லாம் அந்த மதிலோரமாகவே நடந்திருக்கின்றன. மறுபக்கம், இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் கட்டடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் நடைபாதைக்கு வருவதில்லை. மேஸ்திரி போட்ட தகரக் கொட்டகையிலோ எட்டுப் பேர் சேர்ந்து எடுத்த அறையிலோ அடங்கிவிடுகிறார்கள். ஊர்விட்டு ஊர் வருவது மட்டும் ஒருவரைத் தெருவில் படுக்க வைப்பதில்லை.

இரண்டாவது பதில் குடி, கஞ்சா, மனநோய். இதை எடைபோட அமெரிக்காவில் நல்ல தரவு இருக்கிறது. கிரெக் கோல்பர்ன், கிளேட்டன் பேஜ் ஆல்டர்ன் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு நூல், நகரத்துக்கு நகரம் வீடின்மை ஏன் கூடிக் குறைகிறது என்று கேட்டது. போதைப் பழக்கம், மனநோய், வறுமை எதுவும் அந்த ஏற்றத்தாழ்வை விளக்கவில்லை. வாடகையும் காலி வீடுகளின் அளவும் விளக்கின. வறுமையில் கிடக்கும் டெட்ராய்ட்டில் குறைவு, பணம் புரளும் சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அதிகம். அவர்கள் சொல்லும் உவமை இசை நாற்காலி விளையாட்டு. கால் அடிபட்ட பையன் முதலில் வெளியேறுவான், ஆனால் ஒருவன் வெளியேறியே தீர வேண்டும் என்று முடிவு செய்தது நாற்காலிகளின் எண்ணிக்கை. இதை அப்படியே நம் ஊருக்குத் தூக்கி வர முடியாது. நம்மிடம் நாற்காலிகள் இருக்கின்றன, உட்காரத்தான் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

அதற்கு வருமுன், மனநோய் விஷயத்தில் ஒரு விலக்கு சொல்லியாக வேண்டும். நோய் முற்றித் தெருவில் அலையும் ஒருவருக்கு வாடகைக் கணக்கு எதையும் தீர்க்காது. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘தி பான்யன்’ அப்படித் தெருவில் கிடந்த பெண்களுக்காகவே உருவான அமைப்பு. மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் தேங்கிவிட்டவர்களை ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் நான்கைந்து பேராகக் குடிவைத்து, துணைக்கு ஆளும் அமர்த்தும் அதன் திட்டம், வீடு கிடைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதைக் காட்டியிருக்கிறது. இவர்களுக்கான பதில் தனி. இவர்களைக் காட்டி மற்றெல்லா நடைபாதைக் குடும்பங்களையும் ‘தெளிவில்லாதவர்கள்’ கணக்கில் எழுதுவதுதான் தவறு. சுமை தூக்குபவரும், மீன்பாடி வண்டி ஓட்டுபவரும், பூக் கட்டி விற்பவரும், கல்யாணப் பந்தியில் பரிமாறப் போகிறவரும், குப்பையில் அட்டை பொறுக்குபவரும்தான் அங்கே பெரும்பான்மை.

மூன்றாவது பதில் வீட்டுப் பற்றாக்குறை. அரசு, கட்டுமான நிறுவனங்கள், உலக வங்கி மூன்றுக்கும் பிடித்தமான பதில் இது. அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு 2012இல் இந்திய நகரங்களின் பற்றாக்குறையை 1.878 கோடி வீடுகள் என்று கணித்தது. எண்ணைப் பார்த்து மலைத்துவிடாமல் உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் ஏறக்குறைய 1.5 கோடி, ஏற்கெனவே வீட்டில் இருந்தும் நெருக்கியடித்து வாழும் குடும்பங்களுக்கானது. வீடே இல்லாத குடும்பங்கள் 5.3 லட்சம், மொத்தத்தில் 3 சதவீதம்கூட இல்லை. இதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னது. அதே கணக்கெடுப்பு, 2011 பிப்ரவரி 28 இரவு தெருக்களைச் சுற்றி வந்து நகரங்களில் வீடற்றவர்கள் 9.38 லட்சம் என்று எண்ணியது. ஒரே இரவில், வேலைக்குப் போய்விட்டவர்களையும் போலீஸ் என்று பயந்து ஒதுங்கியவர்களையும் விட்டுவிட்டு எடுத்த எண் அது. இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், பூட்டிய வீடுகளின் பக்கத்தில் அது சிறிய எண்தான்.

ஆக, செங்கல் போதாமல் யாரும் தெருவில் இல்லை. போதாமல் இருப்பது நாள் கூலிக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய ஓர் அறை. சென்னையில் வாடகை மாதத்துக்கு ஒருமுறை, அட்வான்ஸ் பத்து மாதம் என்பது தலைமுறை வழக்கம். 4,000 ரூபாய் அறைக்கு 40,000 ரூபாய் முன்பணம். 2017இல் தமிழக அரசு கொண்டுவந்த புதிய வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றது, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய. அந்த ‘ஒழிய’வுக்குள் பழைய பத்து மாதம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. தினம் சம்பாதித்துத் தினம் செலவழிக்கும் குடும்பத்தால் வாடகையைக்கூடக் கட்டிவிட முடியும். ஒரே நாளில் 40,000 ரூபாயைத்தான் எண்ணி வைக்க முடியாது. கந்துவட்டிக்கு வாங்கினால் வட்டியே இன்னொரு வாடகை.

நடைபாதை வாழ்க்கையை அருகில் பார்த்தால் அதுவும் சல்லிசு இல்லை என்பது தெரியும். சௌகார்பேட்டைக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் அந்த வாசலில் பாய் விரிகிறது. கடைக்காரர் வருமுன் பாயைச் சுருட்டி, பாத்திர மூட்டையோடு கட்டி, மதிலோரமோ வண்டிக்கடியிலோ சொருகிவிட வேண்டும், இரவில் ஒரு குடும்பம் அங்கே தூங்கியதற்கான தடம் இருக்கக் கூடாது. கழிப்பிடத்துக்குக் காசு, குளிக்கக் காசு, போனுக்குச் சார்ஜ் போடக் காசு. மழைநாளில் அடுப்பு பற்றாது, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. 2013இல் வந்த அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி யாருக்காவது உண்மையிலேயே பட்ஜெட்டை மாற்றியது என்றால் இவர்களுக்குத்தான். வயதுக்கு வந்த மகள் இருந்தால் தாய்க்குத் தூக்கம் கிடையாது. இத்தனையையும் சகித்துக்கொண்டு அங்கேயே இருப்பதற்குக் காரணம், விடியுமுன் தொடங்கும் வேலை அங்கே நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான்.

நான்காவது காரணம் ஒன்று உண்டு, அரசு அறிக்கைகளில் அது காரணமாக வருவதில்லை. தெருவுக்கு மனிதர்களை அனுப்புவதில் அரசுக்கும் பங்கிருக்கிறது. சாலை விரிவு, மேம்பாலம், கூவம் சீரமைப்பு என்று அகற்றும்போது பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மாற்று வீட்டுக்கான டோக்கன் இல்லை. வாடகைக்கு இருந்தவர், கணவன் விட்டுப்போன பெண், ரேஷன் கார்டு தனியாகப் பிரியாத மகன் குடும்பம் ஆகியோர்தான் பட்டியலிலிருந்து விழுகிறவர்கள். ஒரு தலைமுறைக்கு முன் குடிசை மாற்று வாரியத்தின் ‘போர்டு வீடு’ கிடைத்த குடும்பத்தில் இப்போது மூன்று திருமணங்கள் ஆகியிருக்கும், அறை ஒன்றுதான். சட்டத்திலும் ஓர் ஓட்டை. 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டம் ‘அறிவிக்கப்பட்ட’ குடிசைப் பகுதிகளுக்குத்தான் காப்பு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985இல் இன்னும் 17. பிறகு பட்டியல் நகரவே இல்லை. கூரைகூட இல்லாத நடைபாதைக் குடும்பம், குடிசைவாசி என்ற தகுதிக்கும் கீழே நிற்கிறது.

இனி தீர்வுகளுக்கும் அவற்றின் செலவுக்கும் வருவோம். முதலில் இரவுக் காப்பகம்.

டெல்லிக் குளிரில் காப்பகம் ஒன்றை இடித்த சம்பவத்தை ஒட்டி, 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற அளவுகோல் வந்தது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்குத் திட்ட வடிவம் கொடுத்தது. 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வரை என்பது அந்தத் திட்டத்தின் தொடக்கக் கணக்கு. தலைக்கு ஆண்டுக்கு 12,000, நாளைக்கு 33 ரூபாய். மலிவு என்றுதான் தோன்றும். நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் மாதம் 4,000 ரூபாய். வடசென்னையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறையின் வாடகையை ஒட்டி வந்துவிட்டது தொகை. அதைக் கொடுத்து வாங்குவதோ ஆணுக்கு ஒரு கூடம், பெண்ணுக்கு இன்னொரு கூடம், பையன் வளர்ந்தால் மூன்றாவது இடம். குடும்பங்கள் காப்பகத்துக்கு வர மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வது வழக்கம். கணவனையும் மனைவியையும் பிரித்துப் படுக்கவைக்கும் ஏற்பாட்டுக்கு எந்த அதிகாரி குடும்பம் வரும்?

காப்பகமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் நோயாளியோடு வந்து வராந்தாவில் படுத்துக் கிடந்தவர்களுக்கு மாநகராட்சி அமைத்த தங்குமிடங்கள் நல்ல யோசனை. தனியாள் முதியவர், வீட்டை விட்டு ஓடிவந்த பெண், ஒரு வாரத்துக்குப் படுக்கை தேவைப்படும் கூலியாள் ஆகியோருக்குக் காப்பகம் பொருத்தம். குடும்பத்துக்கு அது பொருந்தாது, நினைப்பது போல மலிவும் இல்லை.

இரண்டாவது தீர்வு வாரிய வீடு. இதில் தமிழகத்துக்கு ஒரு முன்னோடிப் பெருமை உண்டு. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிகள் எழுப்பிக் கொடுத்தார்கள். அந்த வீடுகள் சிறியவை, பராமரிப்பு மோசம். ஆனால் மயிலாப்பூர்க்காரர் மயிலாப்பூரிலேயே இருந்தார், சிந்தாதிரிப்பேட்டைக்காரர் சிந்தாதிரிப்பேட்டையிலேயே. 1977க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் வேறொரு முறை வந்தது. வீடு கட்டித் தராமல் மனை, சாலை, குடிநீர், சாக்கடை மட்டும் போட்டுக் கொடுத்து, மேலே அவரவர் முடிந்தபோது கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் இப்படி உருவானவை. அன்று தோல்வி என்று கைகழுவிய அந்தத் திட்டத்தை, இருபது ஆண்டு கழித்து ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகியோர் சென்று பார்த்து, வெற்றி என்று எழுதினார்கள். இன்று முகப்பேரில் மனை விசாரிப்பவருக்கு ஆய்வே தேவையில்லை.

அப்புறம்தான் தூரம் வந்தது. 2000ஐ ஒட்டிக் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து லாரி லாரியாகக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூட்டிச் சென்ற இடத்தில் 2021இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்றது. இந்த நகைச்சுவையை வாரியத்தில் யாரும் ரசித்ததாகத் தெரியவில்லை.

புறநகரில் கட்டுவதற்குச் சொல்லப்படும் ஒரே காரணம், மலிவு. அதைச் சோதிக்க நகருக்குள்ளேயே கட்டிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காவில், மக்கள் வாயில் ‘கேபி பார்க்’, 1,920 வீடுகளுக்குச் சுமார் 251 கோடி ரூபாய் ஆனது. வீட்டுக்கு 13 லட்சம். 2021இல் குடியேறிய சில நாளிலேயே சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்ந்து, ஐஐடி நிபுணர்கள் வந்து ஆராயும்படி ஆனது வேறு கதை. நிலம் அரசுடையது, கணக்கில் இல்லை. இந்த 13 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு அரசு கடன் வாங்குவதாக வைத்தால், மாத வட்டி மட்டும் 7,600 ரூபாய். லிப்ட், மோட்டார், துப்புரவுச் செலவெல்லாம் இதற்கு மேல்.

பெரும்பாக்கத்தில் அதே அளவு வீட்டைக் கட்டினாலும் கம்பியும் சிமெண்டும் மலிவாகிவிடப் போவதில்லை. மிச்சமாவது நிலத்தின் விலை, அதுவும் காகிதத்தில். அந்த மிச்சத்தை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் குடியேறியவர்தான். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கோ கோயம்பேட்டில் காய்கறி லாரிக்கோ நள்ளிரவு தாண்டியதும் நிற்க வேண்டியவருக்கு 30 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பேருந்து கிடையாது. ஷேர் ஆட்டோவில் மாறி மாறிப் போனால் கூலியில் ஒரு பங்கு வழியிலேயே போகும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்றானது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய மீட்சி, இந்தக் கட்டுரையில் அரசுக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய மதிப்பெண்ணும் அதுதான். ஆனால் காசைத் திருப்பித் தந்த அந்தத் திட்டத்தால் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரத்தைத் திருப்பித் தர முடியவில்லை. உயர்மாடிகளில் மாதப் பராமரிப்பு 750 ரூபாய் வரை தனி.

இதனால்தான் பலர் போர்டு வீட்டைப் பூட்டிவிட்டோ உள்வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய நடைபாதைக்கே திரும்புகிறார்கள். ‘வீடு கொடுத்தாலும் தெருவைத்தான் தேடுவார்கள்’ என்று பேப்பர் படித்துக்கொண்டே சொல்பவர்கள் இருக்கிறார்கள். குணத்தைக் குறை சொல்வதற்கு முன் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.

நியாயத்துக்காக மறுபக்கமும். கண்ணகி நகர் இன்று 2005ஆம் ஆண்டுக் கண்ணகி நகர் அல்ல. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி கட்டடங்களில் துப்புரவு, காவல், கேன்டீன் வேலைகள் பக்கத்திலேயே வந்தன. பள்ளிகள் வந்தன. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் இருந்தபோது ஊரே தலைநிமிர்ந்தது. ஓர் இடம் ஊராக முடியும். அதற்கு இருபது ஆண்டு பிடித்தது, வேலை அந்தப் பக்கமாக நகர்ந்து வந்ததும் ஓர் அதிர்ஷ்டம். அந்த இருபது ஆண்டில் படிப்பை விட்ட பிள்ளைகள் எந்தச் செலவுப் பட்டியலிலும் இல்லை.

இந்த இடத்தில் மேலைநாட்டிலிருந்து ஒரு வாதம் வந்து நிற்கும். வீடற்றவருக்கு முதலில் வீடு கொடு, சிகிச்சையும் வேலையும் அப்புறம், அதுவே அரசுக்கு லாபம் என்பது. பின்லாந்து 2008 முதல் இந்த வரிசையைப் பிடித்து, நீண்டகால வீடின்மையை வெகுவாகக் குறைத்தது. கனடா 2009 முதல் ஐந்து நகரங்களில் 2,000க்கு மேற்பட்டோரை வைத்துப் பெரிய சோதனையே நடத்தியது. முடிவை முழுதாகப் படிக்க வேண்டும். தேவை அதிகமுள்ளவர்களுக்குச் செலவழித்த ஒவ்வொரு 10 டாலருக்கும் வேறு வகையில் 9.60 டாலர் மிச்சமானது, நடுத்தரத் தேவையுள்ளவர்களுக்கு 3.42 டாலர்தான். மிகச் செலவு வைக்கும் பத்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் 21 டாலருக்கு மேல் மிச்சம். மிச்சம் எங்கிருந்து வந்தது? ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, போலீஸ், சிறை என்று அந்த அரசு ஏற்கெனவே அவர்களுக்காகக் கொட்டிக்கொண்டிருந்த பணத்திலிருந்து.

சென்னை நடைபாதைக் குடும்பத்துக்காக அரசு கொட்டும் பணம் எது? ரேஷன் அரிசியும் மருத்துவமனை சீட்டும் வீடுள்ள ஏழைக்கும் உண்டு. தெருவில் இருப்பதால் கூடுதலாக ஆகும் செலவு ஏறக்குறையப் பூஜ்யம். ஒன்றுமே செலவழிக்காத இடத்தில் மிச்சம் பிடிக்க முடியாது. ‘வீடு கொடுப்பது சிக்கனம்’ என்ற வாதத்தை நம் தன்னார்வலர்கள் அப்படியே எடுத்து மனுவில் எழுதுவது அதனால் எதிராகவே முடியும், நிதித்துறை அதிகாரி ஐந்து நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார். பின்லாந்திடமிருந்து எடுக்க வேண்டியது வரிசை மட்டும். வீட்டுக்குத் தகுதி நிரூபி என்று குடும்பத்தை அலையவிடாமல் முதலில் குடிவை. செலவுக்கான நியாயம் இங்கே வேறு. இந்த நகரத்தின் மூட்டையும் மீனும் குப்பையும் இவர்கள் தோளில்தான் நகர்கின்றன. அந்த உழைப்புக்குப் பக்கத்தில் தங்க இடம் தரும் செலவை இதுவரை நகரம் கட்டாமல் தப்பித்துவந்திருக்கிறது.

அரசுக்கு இது புரியாத விஷயம் என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை 706.5 கோடி ரூபாயில் திறந்தார்கள். படுக்கைக்கு 3.77 லட்சம். ஐபோன் பூட்டும் கைகள் ஆலைக்குப் பக்கத்தில் தூங்க வேண்டும் என்பதை அரசும் தொழிலதிபரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட கணம் அது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகளும் அதே தர்க்கத்தில் நிற்கின்றன. மூட்டை தூக்கும் கைகளுக்கு மட்டும் 30 கிலோமீட்டர் என்பதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

வாடகை உதவிக்கும் முன்மாதிரி வாரியத்திடமே இருக்கிறது. பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வெளியேறும் குடும்பத்துக்குக் கருணைத் தொகை தருகிறார்கள். முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆனது. கட்டுமானம் ஒன்றரை ஆண்டில் முடிந்தால்கூட, வழக்கமாக முடிவதில்லை, மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்தப் பணத்துக்குச் சென்னையில் அறை கிடைக்காது. ஆனால் கொள்கை அளவில் ஒரு பூட்டு திறந்துவிட்டது. குடும்பத்துக்கு வீடு வேண்டுமென்றால் அரசு வாடகையும் தரலாம்.

இதற்கு எதிரான வாதங்களில் இரண்டு கனமானவை. ஒன்று, வீட்டுக்காரர்கள். நடைபாதையிலிருந்து வருகிறார் என்றால் அறை கிடையாது. சாதி கேட்பார்கள், அட்டை பொறுக்கும் தொழில் என்றால் முகம் சுளிப்பார்கள், அரசு பணம் தருகிறது என்று தெரிந்தால் வாடகையை ஏற்றுவார்கள். இவை கற்பனைப் பயங்கள் அல்ல. பணத்தை மட்டும் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கும் திட்டம் இதில் அடிபட்டுப் போகும். மாநகராட்சியோ வாரியமோ தன் பெயரில் அறைகளை ஒப்பந்தம் செய்து உள்வாடகைக்கு விட்டால் ஓரளவு சமாளிக்கலாம், முழுதாக அல்ல.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. வாடகை போய்க்கொண்டே இருக்கும், வீடு சொத்தாக நிற்கும். மனைவி பெயரில் ஓர் ஒதுக்கீட்டு ஆணை இருப்பது அவள் வாழ்நாளில் பெறும் ஒரே ஆவணமாகவும் இருக்கலாம். கணக்கும் இதை ஓரளவு ஆதரிக்கிறது. இன்றைய 4,000 ரூபாய் வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 13 ஆண்டு கழித்து 7,500ஐத் தாண்டி, கேபி பார்க் வீட்டின் வட்டிக்குச் சமமாகிவிடும். வாடகை 6,000 என்று தொடங்கினால் ஐந்து ஆண்டிலேயே சமம். ஆக, வாடகை உதவி நிரந்தரத் தீர்வு என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அது ஐந்து முதல் பத்து ஆண்டுக்கான பாலம். அந்தக் காலத்துக்குள் நகருக்குள்ளேயே கட்டி முடிக்க வேண்டும். பழுதடைந்த பழைய வாரியக் குடியிருப்புகள் இடித்துக் கட்டும் வரிசையில் நிற்கின்றன, அங்கே கூடுதலாக எழும் மாடிகளில் ஒரு பங்கை அந்த வட்டார நடைபாதைக் குடும்பங்களுக்கு ஒதுக்கினால் புதிய நிலமே தேவையில்லை.

தீர்ப்பு என்று கேட்டால், என் வரிசை இது. குடும்பங்களுக்கு முதலில் வேலைக்குப் பக்கத்தில் அரசு எடுத்துத் தரும் வாடகை அறை, பிறகு அதே வட்டாரத்தில் வாரிய வீடு. தனியாட்களுக்கும் அவசரத்துக்கும் காப்பகம். மனநோயாளிகளுக்கு ஆள்துணையோடு சிறு வாடகை வீடுகள். தொலைதூர மாடிக் குடியிருப்பு இந்த நான்கில் எதைவிடவும் மலிவல்ல, மலிவாகத் தெரிவதற்குக் காரணம் பாதிச் செலவு ஏழையின் பெயரில் எழுதப்படுவதுதான். காப்பகம் மாநகராட்சியிடமும் வீடு வாரியத்திடமும் இருக்கும்வரை, இரண்டுக்கும் நடுவிலுள்ள வாடகை அறையை எந்தக் கோப்பும் தொடாது. ஆகவே முதல் சீர்திருத்தம் சலிப்பூட்டும் ஒன்று, இரண்டு அலுவலகங்களும் பார்க்கும் ஒரே குடும்பப் பட்டியல். அதையும் கணக்கெடுப்பு இரவில் எடுக்காமல், அந்தத் தெருவில் வேலை செய்யும் சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடி ஆசிரியரையும் வைத்து எடுக்கலாம். யார் எந்த மதிலோரம் என்று அவர்களுக்குப் பெயரோடு தெரியும்.

பணம் எங்கே என்ற கேள்விக்குக் கடைசியாக ஒரு வகுத்தல். அட்வான்ஸை மூன்று மாதத்தோடு நிறுத்த அரசால் முடிந்தால், 4,000 ரூபாய் அறைக்கு 12,000. ஒரு கேபி பார்க் வீட்டுக்கு ஆன செலவில் 108 குடும்பங்களுக்கு அட்வான்ஸ் கட்டலாம். அறையைக் காலி செய்யும் நாளில் அந்தப் பணம் திரும்ப வரும்.